நாலுக்கு அப்புறம் பதினொன்று

என் மகளுக்கு ஐந்தரை வயது இருக்கும்போது, நாலுக்கு அப்புறம் என்ன எண் வரும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். பதினொன்று என்றாள். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பதினொன்றுக்கு அப்புறம்? ரெண்டு. ரெண்டுக்கு அப்புறம்? ஏழு.

அந்த அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவளுக்கு அந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

இதைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். கணக்கு நோட்டைத் திறக்கவே பயப்படுகிற பிள்ளைகள் இருப்பீர்களே, முக்கியமாக உங்களுக்காக. நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. பத்தாவது, அதற்கு மேல் ஐடிஐ, அவ்வளவுதான். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன். ஒரகடத்தில் வண்டிகளுக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறேன். சேரப்பணஞ்சேரியில் ஒரு வாடகை வீட்டில் மனைவி, மகளோடு இருக்கிறேன். நான் எழுதுவதில் எழுத்துப் பிழை இருக்கலாம். கணக்கில் பிழை இருக்காது. மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

முதல் ஷிப்ட் வாரத்தில் நான் மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். சாப்பிட்டு ஒரு கண் அசந்து எழுந்தால் ஐந்து மணி. எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அதற்குள் ஒரு சின்னப் பிள்ளையை எவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியும்? செருப்பை மாட்டிக்கொண்டு அவளை மெயின் ரோட்டுக்குக் கூட்டிப் போவேன். அங்கே ஒரு வாய்க்கால் மேல் சிமென்ட் கட்டை இருக்கிறது. அதில் அவளை உட்கார வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த நேரம்தான் ஜெனரல் ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் படப்பைப் பக்கம் போகும். ஒவ்வொரு பஸ்ஸின் முன் கண்ணாடியிலும் ரூட் நம்பர் பெரிதாக ஒட்டியிருக்கும். தினமும் முதலில் வருவது நாலாம் நம்பர். அதன் பின்னாலேயே பதினொன்று. அப்புறம் ரெண்டு, ஏழு, பதினைந்து. ஒரு நாள்கூட வரிசை மாறாது.

"தாயி, நாலு போயிருச்சு. அடுத்தது என்ன?"

"பதினொண்ணு!"

அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் வளைவில் பதினொன்று திரும்பும். நான் கை தட்டுவேன். அந்த டிரைவர் இவளைப் பார்த்துவிட்டால் ஒரு சின்ன ஹாரன் அடிப்பார். அவளுக்கு ஒரே குதியாட்டம். ஒரு மாதத்தில் எந்த நம்பரைப் பார்த்தாலும் பட்டென்று சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பக்கத்தில் லைனில் நிற்கிறவனிடம், என் மகளுக்குப் பதினைந்து வரைக்கும் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தெரிந்ததென்னவோ உண்மை. வரிசைதான் வேறு.

அவள் ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி படித்துக்கொண்டிருந்தாள். முழுப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்களை வரச் சொன்னார்கள். பெரிய மேடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இவளுடைய வகுப்பு மிஸ். இன்னும் ரெண்டு பேர் ஏதோ ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் என் மனைவியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தோம். மேடம் மகளைக் கிட்டே அழைத்தார்.

"வாட் கம்ஸ் ஆஃப்டர் ஃபோர்?"

"லெவன்."

"லெவன்?"

"எஸ் மேடம். அப்புறம் டூ, அப்புறம் செவன்."

ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். என் மகளும் சேர்ந்து சிரித்தாள். சரியாகச் சொன்னதற்காகச் சிரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

"வீட்டுல என்ன சார் பண்றா?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"சாயங்காலம் வெளிய கூட்டிட்டுப் போவேன் மேடம்."

"பார்க்குக்கா?"

"இல்ல மேடம். பஸ் பாக்க."

மறுபடியும் சிரிப்பு. மிஸ் மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டார்.

"அதை முதல்ல நிறுத்துங்க. உக்கார வச்சு எழுத வைங்க. மூணு வாரம் டைம் தர்றேன். ஒண்ணுலருந்து ஃபிஃப்டி வரைக்கும் பாக்காம எழுதணும். இல்லேன்னா இன்னொரு வருஷம் யூகேஜியிலயே இருக்கட்டும். அவளுக்கு மேத்ஸ் வராது சார். இப்பவே சொல்லிட்டா உங்களுக்கும் நல்லது."

அவளுக்கு வராது. ஐந்தரை வயதுப் பிள்ளைக்கு, வாழ்க்கை முழுக்க வராது என்பது போலச் சொன்னார்.

திரும்பி வரும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைத் திட்டினேன். மறைக்காமல் சொல்கிறேன். நடுரோட்டில் நிறுத்தி, "நாலுக்கு அப்புறம் பதினொண்ணாம்ல! மானத்த வாங்கிட்டியே!" என்று கத்தினேன். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீதானப்பா கை தட்டுன?"

என் மனைவி அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். நான் பின்னால் போனேன்.

மறுநாள் கம்பெனி கேட்டில் அடையாள அட்டையைத் தட்டும்போதுதான் விஷயம் விளங்கியது. அட்டையில் என் டோக்கன் நம்பர் நாலு இலக்கம். அதற்காக நான் ஆயிரம் ஆளா? ஒரே ஆள்தான். அது ஒரு பெயர். பஸ் நம்பரும் அப்படித்தான். பதினொன்றாம் நம்பர் பஸ் ரெண்டாம் நம்பர் பஸ்ஸைவிடப் பெரிதில்லை. ரெண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளைப் பெயின்ட். நான் என் மகளுக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, எண்ணிக்கை சொல்லிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அன்றைக்கு நினைவுக்கு வந்தது. நான் ஆறாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்து, "உனக்கு ஏறாதுடா" என்றார். அவர் அதைச் சொன்ன மறு நிமிஷமே மறந்திருப்பார். நான் பதினைந்து வருஷம் நம்பினேன். கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம் பாகங்களை ட்ரேயில் அடுக்குகிற வேலை. ஒரு ட்ரேயில் இருபத்துநாலு குழி. ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுவேன். எனக்குப் பின்னால் லைனே தேங்கி நிற்கும். சூப்பர்வைசர் வந்து, "யோவ், இருக்கிறத ஏன்யா எண்ணுற? காலிக் குழிய எண்ணு" என்று கத்திவிட்டுப் போனார். மூன்று குழி காலி என்றால் இருபத்தொன்று. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இவ்வளவு சுலபமான ஒன்றை, இத்தனை வருஷம் எனக்கு ஏறாது என்று எப்படி நம்ப வைத்தார்கள்?

என் மகளுக்கு அது நடக்கக் கூடாது. அதனால் அவளை வெளியே கூட்டிப் போவதை நான் நிறுத்தவில்லை.

வீட்டில் சண்டை வந்தது. என் மனைவி நோட்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அவங்க எழுத வைக்கச் சொல்லிருக்காங்க. நீங்க என்னன்னா செருப்ப மாட்டுறீங்க."

"எழுதட்டும். அரை மணி நேரம் உங்கிட்ட எழுதட்டும். அப்புறம் எங்கூட வரட்டும்."

"மூணே வாரந்தாங்க இருக்கு. கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் ஒண்ணாப்பு போயிரும். இவ மட்டும் சின்னப் பிள்ளைகளோட உக்காந்துருப்பா. அத நெனச்சுப் பாத்தீங்களா?"

"நெனச்சுத்தான் போறேன்."

அவள் பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் பயத்துக்காக நான் நிற்கத் தயாராக இல்லை. கீழே வாசலில் வீட்டுக்கார அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்க்காரர். எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாப்பா, ரோட்டுக்கு இட்டுகினு போவாதன்னு மிஸ்ஸு சொல்லிச்சாமே. மறுபடியும் கெளம்பிட்டே?"

"ஆமாக்கா."

"உன் பொண்ணு நம்பரா படிக்குது? பஸ்ஸுக்காரனுக்கு டூட்டி போட்டுகினு கீது."

"போடட்டுமேக்கா. நாளைக்கு சூப்பர்வைசர் ஆவா."

"ஆவட்டும் ஆவட்டும். எம் புள்ளைக்கும் நல்ல ஷிப்டா பாத்து போட சொல்லு."

முதலில் பஸ் விஷயத்தைச் சரி செய்ய வேண்டியிருந்தது. அதே சிமென்ட் கட்டைக்குத்தான் போனோம். ரோட்டோரத்து ஜல்லியில் கை நிறைய அள்ளி அவள் பக்கத்தில் வைத்தேன். ஒரு பஸ் போனால் ஒரு கல்லை எடுத்து மடியில் போட வேண்டும், அதுதான் விளையாட்டு.

நாலாம் நம்பர் போனது. ஒரு கல்லைப் போட்டாள்.

"எத்தன கல்லு இருக்கு?"

மடியைப் பார்த்தாள். பஸ் போன பக்கம் பார்த்தாள். "ஒண்ணு."

"போனது நாலாச்சே?"

பதினொன்று வந்தது, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. இன்னொரு கல். இப்போது அவளே எண்ணினாள். "ரெண்டு." அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. கல்லை எடுத்துப் பார்த்தாள், மறுபடி போட்டாள். அடுத்து ரெண்டாம் நம்பர் பஸ். மூன்று கல். அப்போதுதான் முகம் மாறியது.

"ப்பா, அது பஸ்ஸோட பேரா?"

"பேருதான் தாயி."

"அப்ப நாலாவதா வர்ற பஸ்ஸுக்கு ஏழுன்னு பேரு!" சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பிடித்திருக்காவிட்டால் வாய்க்காலில் விழுந்திருப்பாள்.

இது நடந்தது ஒரே சாயங்காலத்தில். மேடம் ஒரு வருஷம் கேட்டாரே, அந்த வேலை, கை நிறைய ஜல்லியில் முடிந்தது.

அதற்கப்புறம் எங்களுக்கு வழியெல்லாம் கணக்குதான். எங்கள் ரோட்டில் நீளமான லாரிகள் நிறையப் போகும். அவற்றில் சிலதில், பாரம் இல்லாதபோது ஒரு சக்கரத்தை மட்டும் மேலே தூக்கி வைத்திருப்பார்கள், டயர் தேயாமல் இருக்க. நான் அதைக் கவனித்ததே இல்லை. அவள்தான் கேட்டாள்.

"ப்பா, தொங்குற சக்கரத்த எண்ணணுமா, வேணாமா?"

"நீ என்ன சொல்ற?"

விரலை நீட்டி எண்ணிப் பார்த்தாள். "இந்தப் பக்கம் அஞ்சு. நாலு வேல செய்யுது, ஒண்ணு சும்மா தொங்குது." அடுத்த லாரியில் எல்லாம் தரையில் இருந்தது. "இதுல அஞ்சும் டூட்டில இருக்கு." அஞ்சு என்றால் நாலும் ஒன்றும் என்று நான் சொல்லித் தரவில்லை. அந்த லாரி சொல்லித் தந்தது.

ரெண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாக மனை போட்டிருந்த இடத்துக்குப் போனோம். ஒரே வெட்டவெளி. மனை மூலைகளில் கல் நட்டு, தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு மனையைச் சுற்றி ஓடிவரச் சொன்னேன். ஒவ்வொரு கல்லையும் தொட்டுவிட்டு, "நாலு!" என்றாள்.

"சபாஷ். பக்கத்து மனையையும் சேத்தா எத்தன கல்லு?"

பதில் எனக்குத் தெரியுமே. நாலும் நாலும் எட்டு. அவள் ரெண்டு மனையையும் சுற்றி ஓடிவந்தாள்.

"ஆறு."

"இல்ல தாயி. மறுபடி ஓடு."

மறுபடி ஓடினாள். வெயிலில் முகம் சிவந்துவிட்டது. "ஆறுதான்ப்பா."

"எட்டும்மா. ஒரு மனைக்கு நாலு, இன்னொண்ணுக்கு நாலு. ஒழுங்கா எண்ணு."

என் குரல் உயர்ந்துவிட்டது. அன்றைக்கு ரோட்டில் கத்தின அதே குரல். அவள் பின்வாங்கவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நடுவில் இருந்த ஒரு கல் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"இது இந்த மனைக்கும் கல்லு. அந்த மனைக்கும் கல்லு. ஒரே கல்லப்பா. நீ ரெண்டு தடவ எண்ணுற."

நான் நின்று பார்த்தேன். நானும் சுற்றி நடந்தேன், முப்பத்திரண்டு வயது ஆள், ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு. ஆறு. எட்டு வர வேண்டுமென்றால் மூன்று மனை வேண்டும். நான் வாயால் கணக்குப் போட்டேன். அவள் கண்ணால் பார்த்தாள்.

அன்றைக்கு அவளிடம் ஒரு சத்தியம் செய்து கொடுத்தேன். இனி நீ ஏதாவது தப்பாகச் சொல்கிற மாதிரி எனக்குத் தெரிந்தால், முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பேன். கேட்ட பிறகுதான் மற்றது. "சரிப்பா" என்று பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிவிட்டு, தண்ணீர் கேட்டாள்.

மூன்றாவது வாரம் எங்களுக்கு அண்ணாச்சி கடை. எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், திருநெல்வேலிக்காரர். வாசலில் முட்டை ட்ரேக்கள் அடுக்கியிருக்கும். ஒரு ட்ரேயில் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி, மொத்தம் முப்பது. நான் கம்பெனியில் கற்றதை அங்கே அவளுக்குக் காட்டினேன். முட்டையை எண்ணாதே, காலிக் குழியை எண்ணு. ரெண்டு காலி, இருபத்தெட்டு. ஒரு வரிசை காலி, இருபத்தைந்து. ரெண்டே நாளில் என்னைவிட வேகமாகச் சொன்னாள்.

பக்கத்தில் ஒரு ஹாஸ்டல் இருக்கிறது. கம்பெனிப் பையன்கள் தங்குகிற இடம். அதன் சமையல்காரர் தினமும் ஆறு மணிக்கு வந்து ஐம்பது முட்டை வாங்கிப் போவார். அண்ணாச்சி எண்ணவே மாட்டார். ஒரு முழு ட்ரே, அதன் மேல் ரெண்டு வரிசை காலியான இன்னொரு ட்ரே. அதுதான் ஐம்பது. ஒரு நாள் மேல் ட்ரேயில் ஒரு வரிசை மட்டும் காலியாக இருந்தது. சமையல்காரர் தூக்கப் போனார்.

"அதுல அஞ்சு கூட இருக்கு," என்றாள் என் மகள்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "ஏ மூதி, எண்ணாமலே எப்படிச் சொல்லுத?"

"ரெண்டு வரிச காலியா இருந்தாத்தான் அம்பது. இதுல ஒண்ணுதான் காலி."

"அடி ஆத்தி!" என்று அண்ணாச்சி அஞ்சு முட்டையை எடுத்து உள்ளே வைத்தார். சமையல்காரர் போகிற போக்கில், "ஏன் பாப்பா, நாளைக்கு நீ கடைக்கு லீவு போட்டுரு" என்றார்.

வீட்டில் எழுதுவதும் நடந்துகொண்டுதான் இருந்தது. முப்பது வரைக்கும் பார்க்காமல் எழுதினாள். அதற்கு மேல் அம்மா எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். நேரம் அவ்வளவுதான் இருந்தது.

பரீட்சை நாளன்று கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு, யூனிஃபார்மோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என் மனைவி மகளோடு முன்னமே வந்திருந்தாள். அதே அறை, அதே மேசை. மிஸ் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "ஃபிஃப்டி வரைக்கும் எழுதும்மா" என்றார். மகள் நாக்கை ஒரு ஓரமாக நீட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். நாங்கள் பின்னால் பெஞ்சில். என் மனைவி என் விரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். பதினைந்து நிமிஷம் இருக்கும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "முடிஞ்சிருச்சு மேடம்" என்றாள்.

மேடம் தாளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே மறுபடி ஒன்று, ரெண்டு, மூன்று என்று இருபது வரைக்கும். அதோடு நின்றிருந்தது.

"பாத்தீங்களா? தேர்ட்டிக்கு மேல தெரியல. திரும்பவும் ஒண்ணுலருந்து ஆரம்பிச்சிட்டா. நான் அப்பவே சொன்னேன்ல?"

என் மனைவியின் கை என் கையை விட்டுவிட்டது. ரோட்டில் கத்தின அந்தக் குரல் வாய் வரைக்கும் வந்துவிட்டது. வெட்டவெளியில் கல் மேல் ஏறி நின்ற பிள்ளை ஞாபகத்துக்கு வந்ததால் அதை விழுங்கினேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"தாயி, இது என்ன?"

"இது ஒரு ட்ரேப்பா." விரலை மேலே வைத்தாள். "ஃபுல்லு." விரல் கோட்டைத் தாண்டியது. "இது ரெண்டாவது ட்ரே. ரெண்டு வரிச காலி."

"மொத்தம்?"

"அம்பது. மேடம் அம்பதுதான கேட்டாங்க?"

நான் மிஸ்ஸிடம் முட்டைக் கடையைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் தாளை எடுத்து, பென்சில் முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு எண்ணினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. கடைசி எண்ணில் பென்சில் நின்றது.

"மேடம், கரெக்டா அம்பது இருக்கு மேடம்."

"இருக்கட்டும் மிஸ். ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்ட்ல மத்த பிள்ளைங்க தேர்ட்டி ஒன்னு எழுதும்போது இவ ஒண்ணுன்னு எழுதினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

அது நியாயமான கேள்விதான். நானும் அதை ஒத்துக்கொண்டேன். "தப்பு என்னோடதுதான் மேடம். ட்ரே நிறைஞ்சாலும் எண்ணிக்கை தொடரும்னு நான் சொல்லித் தரல. சொல்லிக் குடுத்தா ஒரு வாரத்துல வந்துரும். அதுக்கு எதுக்கு மேடம் ஒரு வருஷம்?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்."

"அவளுக்கு வராதுன்னு சொன்னீங்க. அவ முப்பதையும் இருபதையும் கூட்டி வச்சிருக்கா. உங்க யூகேஜியில கூட்டல் இருக்கா மேடம்?"

மேடம் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து என் பக்கம் தள்ளினார். என் குழந்தை யூகேஜி வகுப்பிலேயே இன்னொரு வருஷம் படிக்கச் சம்மதிக்கிறேன் என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்கு ரெண்டு கட்டம், ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று பெற்றோருக்கு. இடது கட்டத்தில் மேடத்தின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழே தேதி. முந்தின நாள் தேதி.

என் மகள் பென்சிலைக் கையில் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே முடிவு எழுதியாகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது. பேனாவை மூடி மேசை மேல் வைத்தேன்.

"போட மாட்டேன் மேடம்."

"அப்ப நாங்க ப்ரமோட் பண்ண முடியாது சார். வேற வழியே இல்ல."

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று வாரமும் நோட்டை வைத்துக்கொண்டு என்னோடு சண்டை போட்ட என் மனைவியின் குரல்.

"டிசி குடுத்துருங்க மேடம். நாங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாப்புல சேத்துக்கிறோம். ஆறு வயசு ஆகப் போவுது, அங்க சேத்துக்குவாங்க. கேட்டுட்டுத்தான் வந்துருக்கேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். கேட்டுவிட்டு வந்தது எனக்கே தெரியாது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எக்கி, அந்தத் தாளைப் பார்த்தாள். மேடத்தின் கையெழுத்து இருந்த கட்டத்தைத் தொட்டாள். பக்கத்துக் கட்டத்தைத் தொட்டாள்.

"ப்பா, இங்க ஒரு குழி காலியா இருக்கு."

மிஸ் சட்டென்று திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரித்தாரா வேறெதுவுமா தெரியவில்லை.

"ஆமா தாயி," என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்."

அந்தத் தாளையும் அவள் எழுதின தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். முப்பத்தொன்று எழுத அவளுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை, நாலு சாயங்காலம்தான். அண்ணாச்சியிடம் ரெண்டு பழைய ட்ரே வாங்கி, எல்லாக் குழியிலும் ஜல்லிக் கல் போட்டு, முதல் ட்ரேயின் கடைசிக் கல்லிலிருந்து ரெண்டாவது ட்ரேயின் முதல் கல்லுக்கு விரலால் தாண்டிப் பழகினோம். ஜூன் மாதம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்கார அக்காதான் வாசலில் நின்று, "இன்னாடி, பாஸா?" என்று கேட்டார். "நான் ஒண்ணாப்பு" என்றாள் இவள், அவ்வளவுதான் பதில் என்பது போல.

இப்போது மூன்றாவது படிக்கிறாள். எல்லாக் கணக்கும் வருகிறது என்று சொல்ல மாட்டேன். கழித்தலில் கடன் வாங்க மறந்துவிடுகிறாள். பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழு வந்தால் முழிக்கிறாள். தப்பாகப் போட்டால், ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்கிறேன். பாதி நேரம் அவளிடம் ஒரு காரணம் இருக்கிறது. மீதி நேரம் கவனக்குறைவு, அதற்கு இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறோம். முதல் ஷிப்ட் வாரத்தில் இன்னும் அந்தக் கட்டைக்குப் போகிறோம்.

அந்தச் சம்மதத் தாள் எங்கள் பீரோவில் ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது. உங்களிடமும் யாராவது, உனக்கு வராது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டக்கூடும். நன்றாகப் பாருங்கள், அதில் உங்களுக்கும் ஒரு கட்டம் விட்டிருப்பார்கள். எங்களுடையது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.